நடக்குமா, நடக்காதா

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அணி டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அணி டீச்சர்தான். தமிழில் எழுத்து, சொல், பொருள், யாப்பு என்று எவ்வளவோ இருக்க, அணியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இப்படிப் பேர் வாங்கிவிட்டாளே என்று மற்றத் தமிழாசிரியர்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவளிடம் படித்த பிள்ளைகள் யாரை எழுப்பி நிறுத்திக் கேட்டாலும் உவமை எது, உருவகம் எது என்று தடுமாறாமல் சொல்லிவிடும்போது, வயிற்றெரிச்சலை மென்று விழுங்கத்தான் வேண்டியிருந்தது.

அவள் வழி ரொம்பச் சுலபம். பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டு கொண்டுவர வேண்டும். சினிமாப் பாட்டா, குத்துப்பாட்டா, காதலித்துத் தோற்றவன் கத்துகிற பாட்டா என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. செய்யுளில் போய் அணியைத் தேடு என்றால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். எந்நேரமும் முணுமுணுக்கிற பாட்டில் தேடு என்றால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். ஒரு வரியை எடுத்துக்கொள். அதை அப்படியே கொண்டுபோய் உன் தெருவில் நிறுத்து. நடக்குமா, நடக்காதா? நடக்காது என்றால் அங்கே ஏதோ ஓர் அணி ஒளிந்திருக்கிறது, காதைப் பிடித்து வெளியே இழு. நடக்கும் என்றால் அது உள்ளதை உள்ளபடி சொல்வது. இயல்பு நவிற்சி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ.

ஒருநாள் ஒருவன் எழுந்து, "நீ சிரிச்சா தெருவிளக்கு தானா எரியுது" என்று ராகம் போட்டுப் பாடினான்.

"நடக்குமா, நடக்காதா?" என்றாள்.

"நடக்காது டீச்சர்," என்று வகுப்பு முழுக்கச் சொன்னது.

"அப்ப?"

"உயர்வு நவிற்சி."

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி மெல்ல எழுந்தாள். "டீச்சர், எங்க தெருவுல யார் சிரிச்சாலும் எரியாது, யார் அழுதாலும் எரியாது."

"அது இயல்பு நவிற்சி. உட்காரு," என்றாள் அணி டீச்சர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைய நாளுக்கு அவள் சிரித்த சிரிப்பு அவ்வளவுதான். வீட்டுக்குப் போனபின் சிரிக்க வேலை எதுவும் இருக்கவில்லை.

ஏன் என்பதை ஒளிக்காமல் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் போய்விட்டார். செத்துப் போகவில்லை, போய்விட்டார். செத்துப் போயிருந்தால் நாலு பேர் வந்து கூடி அழுதிருப்பார்கள், அவளும் அழுது தீர்த்திருப்பாள். அண்ணனுடைய பெயிண்ட் கடையில் ஆள் இல்லை, கொஞ்சநாள் பார்த்துக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்றாயிற்று. அப்புறம் ஒருநாள், "எனக்கு இங்கயே பழகிடுச்சு. நீயும் பழகிக்கோ," என்று, கடையில் யாருக்கோ மிச்சச் சில்லறை கொடுத்துக்கொண்டே சொன்னார். வேறு பெண் ஒருத்தி இருந்தாலாவது வாய் நிறையத் திட்ட ஓர் ஆள் கிடைத்திருக்கும். அப்படியும் யாரும் இல்லை. அவளோடு இருப்பதைவிட பெயிண்ட் டப்பாக்களோடு இருப்பது அந்த மனுஷருக்குப் பிடித்துப் போயிற்று, வேறொன்றும் இல்லை.

இதைப் போய் எப்படி வெளியே சொல்வது? அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இல்லாததால் வாய் தவறி வெளியே சொல்லிவிடவும் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அடுத்த நாற்காலி சின்ன டீச்சருடையது. வயதிலும் பணியிலும் இளையவள் என்பதால் அந்தப் பெயர். அக்கா, அக்கா என்று உயிரை விடுகிற பெண். காலையில் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "சார் எந்திரிச்சாச்சாக்கா? டீ குடுத்தீங்களா?" என்பது. அதில் சூதுவாது கிடையாது. தன் வீட்டுக்காரர் டீ இல்லாமல் கண் திறக்க மாட்டார் என்பதால், உலகத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள்.

முதல்முறை கேட்டபோது அணி டீச்சர் வாய் தவறி, "ஊத்தி வெச்சுட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு நாளெல்லாம் மனசு கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிறவி. மறுநாள் காலை இரண்டு கோப்பை எடுத்து, இரண்டிலும் டீ ஊற்றி, ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் சின்ன டீச்சர் கேட்டாள். "ஊத்தி வெச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள். இப்போது அது பொய் இல்லை. சாயங்காலம் வந்து, ஆடை படர்ந்து கிடந்ததைத் தொட்டியில் கொட்டிக் கோப்பையைக் கழுவி வைத்தாள். பொய்யை மெய்யாக்க ஆரம்பித்த காரியம், கொஞ்சநாளில் கை தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது. விடுமுறை நாளில்கூட, கேட்க யாரும் இல்லாத காலையிலும், இரண்டு கோப்பைதான் எடுத்தாள்.

இப்படியிருக்க, அந்த வருஷப் பொதுத்தேர்வுக்குத் தமிழ் வினாத்தாள் எடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது, கட்டிய கணவனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று உத்தரவில் கண்டிப்பாக எழுதி, சத்தியமும் வாங்கியிருந்தார்கள். அந்தக் கண்டிப்பைப் படித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அணிப் பகுதிக்குப் பிள்ளைகள் முன்பு பார்த்திராத பாடல் ஒன்று வேண்டும். இருக்கிற பாட்டையெல்லாம் கையேடு போடுகிறவர்கள் மென்று துப்பிவிட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவளே ஒன்று எழுத உட்கார்ந்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பாட்டைப் பிரித்துப் போட்டவள், சொந்தமாக எழுதியது அதுதான் முதல் பாட்டு. யோசிக்கவே இல்லை. மேசையில் உட்கார்ந்தபடி கண்ணில் பட்டதை எழுதினாள்.

பூட்டும் போதெல்லாம் கிரீச்சென்று கதவு
போகாதே போகாதே என்கிறது.
மேசையைச் சுற்றி நாற்காலி நான்கு,
மூன்றின் மேலே தூசி.
இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி
ஒன்றைக் குடிக்கிறேன்,
ஒன்று ஆறுகிறது.

கதவு தானாகக் கிரீச்சிடுகிறது. போகாதே என்கிறது என்பது கவிஞர் ஏற்றிச் சொல்வது. ஆகவே ஆறாம் வினாவுக்குத் தற்குறிப்பேற்ற அணி. கோப்பை வரிகளுக்கு ஏழாம் வினா: அமைந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக, மதிப்பெண் இரண்டு. விடைக்குறிப்பில் இயல்பு நவிற்சி என்று எழுதினாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளது உள்ளபடி. உறையில் போட்டு ஒட்டி அனுப்பியும் விட்டாள்.

தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்த, பக்கத்து ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை மையமாக்கியிருந்தார்கள். இறைவணக்கக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பல பள்ளிகளின் தமிழாசிரியர்களைக் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். சின்ன டீச்சர் எப்படியோ பேசி அக்காவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டாள். மேலே மின்விசிறிகள் சுற்ற, காகிதம் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல் கொடுத்திருந்தார்கள். முன்னால் மேடையில் தலைமைத் தேர்வாளர். நல்ல புலமை, நல்ல குரல். எதைப் பேசினாலும் கடைசியில் "அவ்வளவுதான்" என்று முடிப்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

திருத்தத் தொடங்குமுன் விடைக்குறிப்பை ஒவ்வொன்றாகப் படித்து எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். தமிழாசிரியர்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்தால், ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறாம் வினா அதிசயமாகச் சண்டையில்லாமல் போயிற்று.

"ஏழாவது. இயல்பு நவிற்சின்னு போட்டிருக்கு. யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார் முற்றுப்புள்ளி.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை எந்நேரமும் நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிறவர். "இருக்குங்க ஐயா. ரெண்டு கோப்பையில டீ ஊத்தி, ஒண்ணைக் குடிச்சிட்டு ஒண்ணைச் சும்மா ஆற விடறது எந்த வீட்டுல நடக்குது?"

"விருந்தாளி வந்திருக்கலாமே," என்றது ஒரு குரல்.

"மூணு நாற்காலியில தூசி இருக்குங்க. விருந்தாளி எங்க உட்கார்ந்தார்?"

"மறதியா ஊத்தியிருக்கலாம்."

"மறதிக்கெல்லாம் அணி கிடையாதுங்க," என்றார் கண்ணாடிக்காரர். கூடம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாம வகுப்புல என்ன சொல்லிக் குடுக்கறோம்? நடக்குமா, நடக்காதான்னு பாருன்னுதானே? பயிற்சி வகுப்புல அணி டீச்சர் நமக்குச் சொல்லிக் குடுத்த வழி. நடக்குமா? நடக்காது. தனிமையை மிகைப்படுத்திச் சொல்லியிருக்கார். உயர்வு நவிற்சி. வேணும்னா டீச்சரே சொல்லட்டுமே."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. நான் எழுதிய பாட்டு என்று சொல்ல முடியாது. அது சத்தியம் வாங்கிக்கொண்ட சங்கதி. என் வீட்டில் நடக்கிறது என்று சொல்லலாம். அதற்கு யார் தடை? பக்கத்தில் சின்ன டீச்சர் ஆவலாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பெரிய சபையில் கேட்கிறார்கள் என்ற பெருமை அந்த முகத்தில் இருந்தது. அன்று காலைகூட பஸ்ஸில் கேட்டிருந்தாள். அன்று காலைகூட ஊற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"விடைக்குறிப்புல இருக்கறபடியே இருக்கட்டுமேங்க ஐயா," என்றாள் அணி டீச்சர். "கேள்வி எடுத்தவங்க யோசிச்சுத்தானே போட்டிருப்பாங்க."

"எடுத்தவர் வீட்டுல டீத்தூள் மலிவு போலிருக்கு," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

முற்றுப்புள்ளி சிரிக்கவில்லை. "டீச்சர், காரணம் சொல்லுங்க. இது நடக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உதட்டுக்கு வரவில்லை.

"தெரியலைங்க ஐயா."

"அப்ப உயர்வு நவிற்சி. இயல்பு நவிற்சின்னு எழுதியிருந்தா மதிப்பெண் கிடையாது. அவ்வளவுதான்."

எல்லாரும் சிவப்புப் பேனாவால் விடைக்குறிப்பைத் திருத்திக்கொண்டார்கள். அவளும் திருத்தினாள். அவள் மூன்று வருஷமாக வாழ்கிற வாழ்க்கை நடக்காத காரியம் என்று ஒரு கூடம் நிறையத் தமிழாசிரியர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அதுவும் அவள் கொடுத்த அளவுகோலை வைத்தே. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பாவம், கண்ணாடிக்காரர் என்ன செய்வார்? அவர் வீட்டில் ஊற்றுகிற டீயெல்லாம் ஊற்றின கையோடு காலியாகிவிடும் போலிருக்கிறது.

கட்டுகள் வந்தன. நூலை அவிழ்த்துத் திருத்த ஆரம்பித்தாள். பெரும்பாலான பிள்ளைகள் உயர்வு நவிற்சி என்றே எழுதியிருந்தார்கள். "இவ்வாறு யாரும் செய்ய மாட்டார்கள் ஆதலால்" என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பிள்ளை இயல்பு நவிற்சி என்று எழுதியிருக்கும். அதைக் கண்டதும் பேனா தயங்கும். ஆனாலும் பெருக்கல் குறி போட்டாள். போட்ட ஒவ்வொரு முறையும், சரியாகச் சொன்ன குழந்தையின் கன்னத்தில் காரணமில்லாமல் அறைந்த மாதிரி உள்ளங்கை கூசியது.

ஒரு விடைத்தாளில் கூட்டிப் பார்த்தால் தேர்ச்சிக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தாள். கட்டுரையில் அரை போடலாமா, கடிதத்தில் அரை தேறுமா என்று தேடினாள். எங்கும் இடமில்லை. ஏழாம் வினாவில், இயல்பு நவிற்சி, உள்ளபடியே சொல்லியிருப்பதால் என்று கோணல்மாணலாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. அதற்குமேல் அவள் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. இந்தப் பிள்ளை தோற்றுப்போகும், அம்மா அப்பா திட்டுவார்கள், ஒரு வருஷம் போகும். காரணம், ஒருத்தி தன் மேசைமேல் இருந்ததை எழுதிவிட்டு, கேட்டபோது தெரியாது என்றாள். அதைத் தனியே ஓரமாக எடுத்து வைத்தாள். அப்படி வைக்கக்கூடாது என்பது விதி.

அடுத்த விடைத்தாளை எடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து. ஏழாம் வினாவுக்கு விடை பக்கத்தின் அடியில் ஆரம்பித்திருந்தது.

"இதில் அமைந்துள்ளது இயல்பு நவிற்சி அணி. உள்ளதை உள்ளபடி கூறுவது இயல்பு நவிற்சி ஆகும். எங்கள் வீட்டில் அம்மா இறந்த பிறகும் அப்பா தினமும் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுகிறார். ஒன்றைக் குடிக்கிறார். மற்றொன்றை அம்மாவின் இடத்தில் வைக்கிறார். அது ஆறும்வரை"

பக்கம் அங்கே முடிந்தது. அவள் திருப்பவில்லை. பேனாவை மூடினாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை, பார்த்தால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, ஏழாவது கேள்வி."

முற்றுப்புள்ளி நிமிர்ந்தார். "அது முடிஞ்சுபோன விஷயமாச்சே டீச்சர்."

"அது நடக்கும்ங்க ஐயா."

"எங்க நடக்கும்?"

"என் வீட்டுல."

கூடத்தில் பேனாச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வகுப்பில் பாடம் சொல்கிற குரல் எங்கிருந்தோ வந்து கைகொடுத்தது.

"காலையில ரெண்டு கப்புல ஊத்தறேன். ஒண்ணை நான் குடிப்பேன். இன்னொண்ணு மேசைமேல இருக்கும். சாயங்காலம் போய்க் கொட்டிடுவேன். வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். மூணு வருஷமாச்சு. அவர் வர மாட்டார். இதுல மிகைப்படுத்தறதுக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. இருக்கறது அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிரில் இருந்த விடைத்தாளை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் சின்ன டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முற்றுப்புள்ளி பரிதாபப்படவில்லை, அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். "உங்க ஒருத்தர் வீட்டை வெச்சு விடைக்குறிப்பை மாத்த முடியாது டீச்சர். திருத்தினதெல்லாம் மறுபடி எடுக்கணும்," என்றார்.

"ஒரு வீடு இல்லைங்க ஐயா. இங்க ஒரு பிள்ளை எழுதியிருக்கு. அவங்க வீட்டுலயும் நடக்குது." விடைத்தாளைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, நின்றபடியே அந்த வரிகளைப் படித்தார்.

"அப்ப உயர்வு நவிற்சின்னு எழுதினவங்களை என்ன பண்றது? அவங்களுக்கு மதிப்பெண் எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க ஐயா. அவங்க வீட்டுல அது நடக்காது. அதனால நடக்காதுன்னு எழுதியிருக்காங்க. நல்லதுதானே. அவங்களுக்கும் குடுத்துடலாம்."

அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏழாவது கேள்விக்கு ரெண்டு விடையும் சரி. விளக்கம் பொருந்தியிருந்தா முழு மதிப்பெண். இதுவரைக்கும் திருத்தினதையெல்லாம் எடுத்து மறுபடி பாருங்க."

பின்வரிசையில் ஒருவர் முனகினார். மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர் போலும். மற்றபடி சத்தமில்லாமல் கட்டுகள் மறுபடி அவிழ்ந்தன. அவள் உட்கார்ந்தாள். ஓரமாக வைத்திருந்த விடைத்தாளை முதலில் எடுத்து, பெருக்கல் குறியை அடித்து, இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். தேறிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இன்று நடந்தது எதுவும் தெரியப்போவதில்லை, தெரியவும் வேண்டாம்.

"அக்கா," என்றாள் சின்ன டீச்சர், தலையைத் தூக்காமல். "அப்ப தினமும் நான் கேட்டப்ப…"

"ஊத்தி வெச்சிருந்தேன். பொய் சொல்லலை."

சின்ன டீச்சர் அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டாள். கோபமா, தினமும் கேட்டு வதைத்திருக்கிறோமே என்ற வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பேனா வேகமாக ஓடியது. எழுதுகிறாளா, சும்மா கோடு போடுகிறாளா என்றும் தெரியவில்லை.

இடைவேளையில் டீ வந்தது. தட்டு அவள் மேசைக்கு முன்னால் வந்தபோது, அதுவரைக்கும் இருந்த பேச்சு சட்டென்று நின்றது. கொண்டுவந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் ஏன் இந்த அம்மாவையே பார்க்கிறார்கள் என்று விழித்தார். அவள் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டாள். எல்லாரும் வேறு பக்கம் திரும்பி, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் அளவுக்கு மீறிப் பேச ஆரம்பித்தார்கள். அவள் இருந்த மேசையில் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். மரியாதைக்குத்தான். காலையில் அந்த மேசையில் முழங்கை வைக்க இடம் கிடைக்கவில்லை. மூன்று வருஷமாக வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததை இப்போது வெளியிலும் கொண்டுவந்து பரப்பிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. இனி நாளைக்கு பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய துணை என்பது, இனிக் கேட்க ஆளில்லை என்று ஆனபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டீயைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். முத்துக் கையெழுத்து விடைத்தாள் அப்படியே திறந்து கிடந்தது. அதற்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை. விளக்கம் பொருந்தியிருக்கிறதா என்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். பக்கத்தைத் திருப்பினாள்.

"அப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார். பிறகு வேலைக்குப் போவார். அவர் போனதும் ஆறிய தேநீரை நான் எடுத்துக் குடித்துவிடுவேன். எனக்கு ஆறிய தேநீர் பிடிக்காது. மாலையில் அப்பா வந்து காலிக் கோப்பையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். மறுநாளும் இரண்டு ஊற்றுவார். ஆகவே இது இயல்பு நவிற்சி அணி ஆகும்."

அவள் அதை மறுபடியும் படித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது பொறாமை. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஒரு மனுஷரைப் பார்த்து, சாயங்காலம் வீடு திரும்பினால் கோப்பை காலியாக இருக்கிறதே உனக்கு என்று பொறாமைப்பட்டாள். அது தப்பு என்று தெரிந்தும் பட்டாள்.

விடைத்தாளில் மதிப்பெண் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது என்பது விதி. இரண்டுக்கு இரண்டு போட்டு, அடுத்த வினாவுக்குப் போனாள்.